விடுதலைப் பத்திரத்தோடு முடிந்துபோகும் மகளின் பங்கு: என்ன செய்யலாம்?

மருதாணி எழுதியது:

தமிழ்நாட்டில் மகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா என்று யாரிடம் கேட்டாலும் "உண்டு, அதான் சட்டமே இருக்கே" என்பார்கள். சரி, உங்கள் ஊரில் பட்டாவில் பெயர் உள்ள பெண்களை எண்ணிப் பாருங்கள். கணவர் இறந்ததால் பெயர் ஏறியவர்களையும், கடன் வசதிக்காக மனைவி பெயரில் வாங்கியதையும் கழித்துவிடுங்கள். மகள் என்ற முறையில் பிறந்த வீட்டில் பங்கு வாங்கியவர்கள் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நிலத்தைத் தன் பொறுப்பில் வைத்துச் சாகுபடி நடத்துபவர்களில் பெண்கள் 100க்கு சுமார் 14 பேர்தான். நாற்று நடுவதிலும் களை எடுப்பதிலும் அறுப்பதிலும் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

சட்டம் வராமல் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு விலகினாரே, பெண்ணுக்குச் சொத்துரிமை தரும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கிடப்பில் போட்டது அதற்கு முக்கியமான காரணம். அப்புறம் 1956 வாரிசுரிமைச் சட்டம், 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் என்று ஒவ்வொன்றாக வந்தன.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பங்கு எங்கே போகிறது? நான் பார்த்தவரை பெரும்பாலும் அது நீதிமன்றம் வரைக்கும் வருவதே இல்லை. அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் ஆனதும் தம்பி போன் செய்வான். "ஒரு கையெழுத்துதான்க்கா, வந்து போட்டுட்டுப் போயிடு." அங்கே அவள் போடுவது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று எழுதித் தருவது. யாரும் மிரட்டுவதில்லை. பாசத்தோடுதான் கூப்பிடுகிறார்கள், பாசத்தோடுதான் போடுகிறாள். அதனால்தான் இதை உரிமைப் பிரச்சினையாகவே யாரும் பார்ப்பதில்லை.

பெண்ணுரிமை பற்றிய பேச்சில் படிப்பு, வேலை, பாதுகாப்பு எல்லாம் வருகிறது. இந்தக் கையெழுத்து வருவதில்லை. உங்கள் வீடுகளில் என்ன நடந்தது? எது உதவியது? எழுதுங்கள்.

கரிசல்காடு எழுதியது:

மருதாணி, ஒரு அண்ணனாக நானும் சொல்ல வேண்டியது இருக்கிறது. என் தங்கை கல்யாணத்துக்கு அப்பா வாங்கிய கடனை அடைத்தது நான். நகை போட்டோம், சீர் செய்தோம், பிரசவம் பார்த்தோம், பிள்ளைகளுக்குக் காது குத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டு போனோம். அப்பா பக்கவாதத்தில் கிடந்தபோது தூக்கி உட்கார வைத்தவள் என் மனைவி. தங்கை நல்லவள்தான், வந்து பார்ப்பாள், அழுவாள், சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

இருக்கிற 3 ஏக்கர் மானாவாரியில் அவளுக்குப் பாதி என்றால் மீதியை வைத்து நான் என்ன விவசாயம் செய்வது? சட்டம் தப்பு என்று சொல்லவில்லை. கடமை எல்லாம் ஒருத்தன் தலையில், உரிமை மட்டும் சமமா என்று மனசு கேட்கிறது. கையெழுத்து வாங்குகிற எல்லா அண்ணன் தம்பியும் பேராசைக்காரர்கள் இல்லை.

மருதாணி எழுதியது:

கரிசல்காடு அண்ணா, நீங்கள் சொன்னதில் ஒரு இடத்தில் நிற்கிறேன். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தது உங்கள் மனைவி. அவருக்கு அந்த 3 ஏக்கரில் என்ன இருக்கிறது? அவருடைய பிறந்த வீட்டிலும் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார் இல்லையா?

முத்திரைத்தாள் எழுதியது:

ஆவண எழுத்தராகப் பல வருடம் ஓட்டியாயிற்று. மருதாணி சொல்லும் கையெழுத்தை வாரத்துக்கு வாரம் பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

முகூர்த்த நாளில் காலையிலேயே கார் வந்து நிற்கும். அண்ணன் முன் சீட்டு, அக்கா தங்கைகள் பின் சீட்டு. என்னிடம் பேசுவது அண்ணன் மட்டும்தான். அக்கா தங்கைகளின் ஆதார் நகல், போட்டோ எல்லாம் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். பத்திரத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று அந்தப் பெண்களைப் பார்த்துக் கேட்டால், "அதெல்லாம் தெரியும் சார், நேரமாகுது" என்று பதில் அவரிடமிருந்து வரும்.

பத்திரத்தின் நடை காலங்காலமாக ஒன்றுதான். "எனக்குப் பாத்தியப்பட்ட பிரிபடாத மூன்றில் ஒரு பாகத்துக்கு ஈடாக மேற்படி தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு விடுதலை செய்து கொடுத்துவிட்டேன். இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை." ரொக்கம் என்று எழுதியிருக்குமே தவிர, அநேகமாக அங்கே ரொக்கம் எதுவும் கைமாறுவதில்லை. உள்ளே போனதும் சார்பதிவாளர் சம்மதமா என்று கேட்பார். தலையாட்டுவார்கள். கேமராவைப் பார்க்கச் சொல்வார்கள், விரல் ரேகை வைக்கச் சொல்வார்கள், முடிந்தது. அதன்பிறகு நல்ல ஓட்டலில் சாப்பாடு, ஆளுக்கொரு பட்டுப்புடவை.

சில வருடமாக நான் ஒன்று செய்கிறேன். யார் வேண்டாம் என்றாலும் பத்திரத்தைச் சத்தமாக வாசிக்கிறேன். சொத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும், அதில் இந்த அம்மாவின் பங்கு எவ்வளவு ரூபாய் வருகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுக்கிறேன். "என் வாரிசுகளுக்கோ" என்ற இடம் வரும்போது நிமிர்ந்து பார்த்த பெண்கள் உண்டு. "என் பிள்ளைங்களுக்கும் இல்லையா சார்?" என்று கேட்டு, யோசிக்கணும் என்று எழுந்து போனவர்களும் உண்டு. மற்றவர்கள் தெரிந்தே போட்டார்கள், அது அவர்கள் விருப்பம். இதனால் சில வாடிக்கையாளர்கள் என்னை விட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

வரப்போரம் எழுதியது:

முத்திரைத்தாள் ஐயா, அந்தத் தாளை ஒவ்வொரு பதிவு அலுவலகத்திலும் கட்டாயமாக்கினால் என்ன? பங்கின் மதிப்பு இவ்வளவு, அதை விட்டுக் கொடுக்கிறேன் என்று அவள் தன் கையால் எழுத வேண்டும். சார்பதிவாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேச வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரைக்குமான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அது வாங்குகிறவளுக்கான சலுகை. ஏற்கெனவே தனக்கு உள்ளதை இழக்கிறவளுக்கும் அதே அலுவலகத்தில் ஒரு ஏற்பாடு இருக்க வேண்டாமா?

வாய்தா எழுதியது:

கீழமை நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். இழையில் சட்டம் கொஞ்சம் மேலோட்டமாக வந்திருக்கிறது, அதனால் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் சொத்து யாருடையது என்று பாருங்கள். அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது என்றால், உயிரோடு இருக்கும்வரை அவர் இஷ்டம். யாருக்கும் எழுதலாம், விற்கலாம். உயில் எழுதாமல் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் இருந்தால் தாயார், எல்லோருக்கும் சம பங்கு. 1956இலிருந்தே இப்படித்தான்.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து வேறு. அதில் மகன் பிறந்த உடனேயே பங்காளி. முன்பு மகள் அப்படி இல்லை. தமிழ்நாடு இதை மாற்றியது, 1989 மார்ச் 25 முதல் மகளும் பங்காளி. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று வைத்துவிட்டார்கள். மூத்தவளுக்கு இல்லை, இளையவளுக்கு உண்டு என்று ஒரே வீட்டில் இரண்டு நியாயம் ஆனது. 2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடு போயிற்று. வீட்டில் குடியிருக்கும் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும்வரை மகள் வீட்டைப் பிரிக்கக் கேட்க முடியாது என்றிருந்த 23ஆம் பிரிவையும் அப்போதுதான் எடுத்தார்கள்.

அதன்பிறகும் ஒரு குழப்பம் நீடித்தது. 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஒரு வரியால் தோற்ற பெண்கள் ஏராளம். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. உரிமை பிறப்பால் வருகிறது, அப்பா அன்றைக்கு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டில்லை. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்று வெறும் வாயால் சொன்னால் பொதுவாக எடுபடாது என்றும் சொன்னார்கள். ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தின் மூலமோ நீதிமன்ற ஆணையாலோ பாகம் பிரித்திருந்தால் அதைத் திருப்ப முடியாது.

கரிசல்காடு சார் கவனத்துக்கு ஒன்று. பெற்றோரைப் பராமரிக்கும் கடமை சட்டத்தில் மகன் தலையில் மட்டும் இல்லை. 2007 மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகளும்தான். உங்கள் தங்கையும் அந்தப் பாரத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

பிறை எழுதியது:

எங்கள் வீட்டு நிலையையும் சொல்கிறேன். ஷரீஅத் படி மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. அது சமமா இல்லையா என்ற விவாதம் தனி. அந்த ஒரு பங்கையாவது கொடுத்த வீடுகள் எத்தனை? மார்க்கம் பேசுகிறவர்கள்கூட நிலம் என்று வரும்போது சகோதரியிடம் "நீயாக விட்டுக்கொடு" என்றுதான் கேட்கிறார்கள். என் மாமி தன் பங்கைக் கேட்டார், குர்ஆனில் உள்ளதைத்தான் கேட்கிறேன் என்றார். ஜமாஅத்தில் ஒரு பெரியவர் அவர் பக்கம் நின்றார். கிடைத்தது.

பேச்சிப்பாறை எழுதியது:

எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் முன்பு திருவிதாங்கூரில் இருந்தது, அதனால் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1916இல் வந்தது. மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் என்ற பெண் தன் சொந்தச் சகோதரனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் வென்றார். இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி சம பங்கு என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகும் சீதனம் கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது நிற்கவில்லை. எந்த மதமானாலும் அண்ணன்மார் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கிறது.

அமராவதி எழுதியது:

நான் பங்கு கேட்டவள். அதனால் எழுதுகிறேன்.

நகை போட்டோமே என்று என்னிடமும் சொன்னார்கள். எனக்குப் போட்ட நகையில் பாதியை மாமனார் வீட்டில் அடகு வைத்தார்கள், மீட்கவில்லை. மீதி என் கணவர் தொழில் தொடங்கப் போயிற்று. நகை என்பது பெண்ணுக்குக் கொடுப்பது போல் இருக்கும், ஆனால் அது போய்ச் சேருவது வேறு கையில். அண்ணனுக்குக் கொடுத்த நிலம் இன்னும் அவன் பெயரில்தான் இருக்கிறது, விலையும் ஏறிக்கொண்டே போகிறது.

கணவர் வீட்டில் நிலைமை மோசமானபோது இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்தேன். யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. ஆனால் அண்ணன் வீட்டில் விருந்தாளியாக எத்தனை நாள் இருக்க முடியும்? சமையலறையில் டப்பாவைத் திறக்கும்போதே கை தயங்கும். அப்போதுதான் அப்பா வீட்டில் எனக்குப் பங்கு இருக்கிறது என்பது உறைத்தது. கேட்டேன். அண்ணன் பேச்சை நிறுத்தினான். சொந்தக்காரர்கள் "பொறந்த வீட்டை அறுத்துக்கிட்டா" என்றார்கள்.

என்னைக் காப்பாற்றியது அம்மா. "அவ பங்கை அவளுக்கு எழுதாம என் கையெழுத்து எதிலயும் வராது" என்று உட்கார்ந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழில் என் பெயரோடு அம்மா பெயரும் இருந்ததால் அவரைத் தாண்டி ஒன்றும் நகரவில்லை. கடைசியில் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறையும் கிணற்றடியும் என் பெயருக்கு வந்தன. அண்ணன் இப்போது பேசுகிறான், முன்போல இல்லை. அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் பிள்ளைகள் தங்கள் வீட்டில் தூங்குகிறார்கள்.

பங்கு கேட்டால் உறவு போய்விடும் என்று பயப்படும் தங்கைகளுக்கு: கேட்பதற்கு முன் அம்மாவிடம் பேசுங்கள். அம்மா உயிரோடு இருக்கும்போதே பேசுங்கள்.

வரப்போரம் எழுதியது:

அமராவதி அக்கா சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. பொருளாதார அறிஞர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பெண்களிடம் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. நிலமும் வீடும் தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவரிடம் அடி உதை பட்டிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் அது 18 சதவீதம், வீடு மட்டும் இருந்தவர்களில் 10, இரண்டும் இருந்தவர்களில் 7. போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பட்டாவில் பெயர் இல்லாவிட்டால் இன்னொரு இழப்பும் இருக்கிறது. எங்கள் பக்கம் ஆம்பிளைகள் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள், விவசாயம் முழுக்கப் பெண்கள் கையில்தான். ஆனால் வருடத்துக்கு 6,000 ரூபாய் வரும் பிரதமரின் கிசான் நிதி பட்டாதாரருக்குத்தான். பயிர்க்கடனுக்குப் போனாலும் வெள்ளத்தில் பயிர் போய் நிவாரணம் கேட்டாலும் சிட்டாவில் யார் பெயர் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வயலில் நிற்பவள் அரசுக் கணக்கில் விவசாயியே இல்லை.

இதை மாற்றிக் காட்டியவர்களும் நம்மிடையே உண்டு. காந்தியவாதியான கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1968இல் தலித் கூலிக் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணிக் கொடுமைக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் நிலவுடைமையாளர்களிடம் நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், பதிவு பெண்ணின் பெயரில். ஆண் பெயரில் எழுதினால் குடிக்கும் கடனுக்கும் போய்விடும் என்று அனுபவத்தில் தெரிந்து செய்தது அது.

கரிசல்காடு எழுதியது:

மருதாணி கேட்ட கேள்வியை வீட்டில் என் மனைவியிடம் கேட்டேன். அவள் அப்பா இறந்தபோது கையெழுத்துப் போட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. எவ்வளவு நிலம், எந்த சர்வே நம்பர் என்று எதுவும் தெரியாது. "யாரும் சொல்லல, நானும் கேக்கல" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

என் தங்கை விஷயத்தில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் வரவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். 3 ஏக்கரை வெட்டினால் இரண்டு பேருக்கும் உதவாது. ஆனால் எனக்கு ஒரு மகளும் மகனும் இருக்கிறார்கள். அவர்களுக்குள் இந்தப் பேச்சே வராமல் நான் இருக்கும்போதே செய்ய வழி இருக்கிறதா? வாய்தா சார், முத்திரைத்தாள் ஐயா சொல்லுங்கள்.

முத்திரைத்தாள் எழுதியது:

இருக்கிறது. உங்கள் சொந்தச் சொத்து என்றால் தான செட்டில்மெண்ட் எழுதலாம். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் ஆயுள் வரைக்கும் அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு, மகளுக்கு இன்னது மகனுக்கு இன்னது என்று எல்லையோடு எழுதுங்கள். குடும்பத்துக்குள் எழுதுவதால் முத்திரைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதியபடி பார்க்காவிட்டால் 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் போய் ரத்து செய்யக் கேட்கலாம். செலவு வேண்டாம் என்றால் உயில். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சி போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை. நான் பதியச் சொல்வேன்.

தங்கை விஷயத்துக்கும் ஒரு யோசனை. நிலத்தை வெட்டத்தான் வேண்டும் என்றில்லை. அவர் பெயரைக் கூட்டுப் பட்டாவில் ஏற்றிவிட்டு நீங்களே பயிர் வைத்து வருடா வருடம் குத்தகை கொடுக்கலாம். அல்லது பத்திரத்தில் ரொக்கம் என்று எழுதுகிறோமே, அதை நிஜமாகவே தவணை போட்டு வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டு அதன்பிறகு விடுதலை வாங்கலாம். அப்படிச் செய்த அண்ணன்மார் உண்டு. அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு இன்னும் எல்லோரும் போகிறார்கள்.

வாய்தா எழுதியது:

உயில் பற்றி முத்திரைத்தாள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இது பெண்களுக்கே. உயிலை ஆண்கள் எழுதுவது என்று நினைக்காதீர்கள்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவு: ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் முதலில். அவர்கள் யாரும் இல்லாவிட்டால் அடுத்து கணவரின் வாரிசுகள். அவளைப் பெற்ற தாய் தகப்பன் அதற்கும் பின்னால்தான். பெற்றோர் வழி வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு, அவள் சொந்தமாகச் சம்பாதித்ததற்கு இல்லை. 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இருக்கிறது. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவர் இறக்க, புகுந்த வீட்டார் அந்தப் பெண்ணை விரட்டிவிட்டார்கள். பிறந்த வீடு படிக்க வைத்தது. வேலைக்குப் போனாள், சேமித்தாள், உயில் எழுதாமல் இறந்தாள். அவளுடைய வருங்கால வைப்பு நிதி உட்படச் சேமிப்பு எல்லாம், என்றோ இறந்த கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. நீதிபதிகளே இது கடினமான நிலைதான் என்று ஒத்துக்கொண்டார்கள், ஆனால் சட்டம் அப்படி இருக்கிறது என்றார்கள். இந்தப் பிரிவு மாற வேண்டும். மாறும்வரை சம்பாதிக்கும் ஒவ்வொரு பெண்ணும் உயில் எழுதி வையுங்கள்.

நம்பிக்கை தரும் ஒன்றும் உண்டு. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. வீட்டு வேலையும் அந்தச் சொத்தைச் சேர்த்ததில் ஒரு பங்களிப்பு என்று எழுதிய தீர்ப்பு அது.

மருதாணி எழுதியது:

வாய்தா சார், வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாத பெண்கள் எங்கே போவது? ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு வழி உண்டா? இரண்டையும் சொல்லிவிடுங்கள். தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

வாய்தா எழுதியது:

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகாவிலும் உண்டு. 1987 சட்டப்படி பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் கடினம். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியிருந்தால் ரத்து கேட்டு வழக்குப் போடலாம், ஆனால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள். படிக்காமல் போட்டேன் என்று மட்டும் சொன்னால் நிற்பது சந்தேகம். பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்தில் மனு போட்டு வாங்கிக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். எந்தெந்த சர்வே எண் அதில் இருக்கிறது என்று முதலில் சரிபாருங்கள். சில சமயம் ஒரு சொத்துக்குத்தான் விடுதலை எழுதியிருப்பார்கள், பக்கத்து ஊர் புஞ்சையை மறந்திருப்பார்கள். அதில் உங்கள் பங்கு அப்படியே இருக்கும்.

கரிசல்காடு எழுதியது:

நன்றி சார். திங்கட்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு அவள் ஊர்ப் பதிவு அலுவலகத்துக்குப் போகிறேன், நகலுக்கு மனு போட. என்னென்ன கொண்டு போக வேண்டும்?

முத்திரைத்தாள் எழுதியது:

பத்திர எண்ணும் வருடமும் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் அவர் அப்பா நிலத்தின் சர்வே எண்ணை ஊரில் விசாரித்து, அதை வைத்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அதில் பத்திர எண் வந்துவிடும். அவருடைய ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள். மனுவில் அவரே கையெழுத்துப் போடட்டும்.